இடப்பக்கம் இழுக்கும் வேன்

எங்கள் வேன் இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானால் எல்லோருக்கும் ஏதாவது ஒரு பக்கம் இழுக்கத்தான் செய்யும். எனக்கு முழங்கால் இழுக்கிறது. வேனில் என்னோடு வருகிற கணக்கு டீச்சருக்குப் பேச்சு இழுக்கிறது. வேனுக்கு ஸ்டியரிங் இழுத்தால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று இருந்துவிட்டோம்.

குடி முழுகியது பிறகுதான். அதைத்தான் சொல்ல வந்தேன். நான் ஒன்றைச் சொன்னால் அதில் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும் இருக்கும். ஆனால் சக்கர நலவாரியத்தைப் பற்றி வரும் இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். முழுசாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அது சிறுநீரகங்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டவர்களுக்கான வேன். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் எங்களை வீடு வீடாக அள்ளிக்கொண்டு, வாய்க்கால் ஓரமாகப் போய், பாலத்தைத் தாண்டி இருக்கும் ஆஸ்பத்திரியில் இறக்கும். அங்கே ஒரு மெஷின் எங்கள் ரத்தத்தை வெளியே எடுத்து, துவைத்து, உள்ளே அனுப்பும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். அடுத்த முறையும் தவறினால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும். அதற்கும் அடுத்த முறை ஆளை ஏற்றிப்போக எங்கள் வேன் வேண்டியதில்லை. அதற்கென்று வேறு வண்டி இருக்கிறது.

ஓட்டுநரை எல்லோரும் ஸ்டெடி என்றுதான் கூப்பிடுவோம். பள்ளத்தில் இறங்கினாலும் நாய் குறுக்கே வந்தாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே "ஸ்டெடி, ஸ்டெடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற ஆள். முன் சீட்டில் உட்கார்ந்து வருகிற நோயாளி அவனுடைய அக்கா. அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். இப்போது அவன் அவளைச் சுமக்கிறான். அந்தக் காலத்தில் அவன் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தானாம். இவள் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டு வருகிறாள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

"ஏன்டா, நேரா ஓட்ட மாட்டியா?" என்று முதலில் கேட்டதும் அக்காதான்.

"நேராத்தான்க்கா ஓட்டுறேன். அதுதான் வேற எங்கயோ போகுது."

"அப்படியே உங்க மாமா மாதிரி."

ஸ்டெடி இறங்கிக் குனிந்து பார்த்தான். டயரின் பள்ளங்களுக்குள் அங்கங்கே சின்ன ரப்பர் திட்டு ஒன்று வைத்திருப்பார்கள். மேல்பக்கம் தேய்ந்து தேய்ந்து அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும் என்று அர்த்தம். எங்கள் வேனின் முன்சக்கரங்கள் கோணிக்கொண்டு ஓடியதில், உள்பக்கம் என் தலை மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டிருந்தது. வெளிப்பக்கம் மட்டும் புதுசு மாதிரி நின்றது. புது டயர் போட்டு, சக்கரங்களை நேர்படுத்த அலைன்மென்ட்டும் பார்த்துவிட்டால் தீர்ந்தது. டயர்க்கடையில் அரை நாள் வேலை.

ஆனால் பொதுமக்களை ஏற்றும் வண்டிகளின் சக்கரங்களெல்லாம் சக்கர நலவாரியத்தின் பராமரிப்பில் இருந்தன. ஒவ்வொரு சக்கரத்து நட்டிலும் வாரியத்தின் ஈய முத்திரை தொங்கும். அதை அறுத்தால் அந்த நிமிடமே வண்டி வண்டியாக இருப்பதை நிறுத்திவிடும். சட்டப்படி அதற்குப் பிறகு அது ஒரு இரும்புக் குவியல். கடைக்காரர் முத்திரையைப் பார்த்ததும் வெளியே எடுத்த ஜாக்கியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். "தம்பி, எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

ஆகவே வாரியத்துக்குப் போனோம். ஆஸ்பத்திரி முடிந்து திரும்பும் வழியில், எங்களையும் வேனிலேயே வைத்துக்கொண்டு ஸ்டெடி போனான்.

வாரியத்தின் கட்டடம் வட்டமானது. சக்கரத்துக்குச் செய்த மரியாதை. நடுவில் முற்றம், அதைச் சுற்றி வராந்தா. உள்ளே போகிறவர் எந்தப் பக்கமாக நடந்தாலும் கிளம்பிய இடத்துக்கே வந்து சேருவார். சேவையின் முழுமை என்று வாசலில் எழுதியிருந்தது.

முதல் அறை பக்குவ அலுவலருடையது. டயர் மாற்றும் வேளை வந்துவிட்டதா என்று சொல்வது அவர் வேலை. ஒல்லியான மனிதர். பாய் ஒன்றை விரித்து வேனுக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் தூங்கிவிட்டார் என்று நாங்கள் நினைத்த சமயத்தில் குரல் வந்தது.

"டயர்ங்கிறது பழம் மாதிரிங்க. முன்னாடியே பறிச்சா காய். பின்னாடி பறிச்சா அழுகல். சீக்கிரம் மாத்தினா பொதுச்சொத்தை வீணடிச்ச குற்றம், எங்க மேல வரும். லேட்டா மாத்தினா கவனக்குறைவு, அது உங்க மேல வரும். நடுவுல ஒரு நொடி இருக்கு பாருங்க, பக்குவ நொடி. அந்த நொடியில வண்டியைக் கொண்டு வாங்க."

"அந்த நொடி எப்ப சார் வரும்?" என்றான் ஸ்டெடி.

"வர்றப்ப வரும்."

"அப்ப நான் ரோட்ல இருப்பேனே சார்."

"அது உங்க சௌகரியம். நாங்க சாப்பாட்டு நேரம் தவிர எப்பவும் இங்கதான் இருப்போம்."

"சார், உள்பக்கம் சுத்தமா போயிடுச்சு. கையை வச்சுப் பாருங்க."

"பார்த்தேன். உள்பக்கம் கிழவன். வெளிப்பக்கம் பாலகன். ரெண்டையும் கூட்டி சராசரி எடுத்தா நடுத்தர வயசு. நடுத்தர வயசுல யாராவது ரிட்டயர் ஆவாங்களா?"

அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அப்ப உள்பக்கம் வெடிச்சா?"

"வெடிச்சாலும் வெளிப்பக்கம் நல்லா இருக்கும்மா. குடும்பம்னா அப்படித்தான்."

எதிர் அறை நேர்நிலை அலுவலருடையது. அலைன்மென்ட் அவர் பொறுப்பு. அவருடைய மேஜை ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததால், பேனா உருண்டு விழாமல் இருக்க இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேதான் பேசினார்.

"பழைய டயருக்கு நேர்நிலை பார்த்துக் குடுத்தா, நாளைக்குப் புது டயர் போட்டதும் மறுபடி பார்க்கணும். வாரியத்தோட நேர்நிலையை வீணாக்கலாமா? புது டயர் போட்டுட்டு வாங்க, அஞ்சு நிமிஷ வேலை."

ஸ்டெடி வராந்தாவைச் சுற்றிக்கொண்டு பக்குவ அலுவலரிடம் வந்தான்.

"நேர்நிலை இல்லாத வண்டிக்குப் புது டயர் குடுத்தா, அதுவும் இதே மாதிரி உள்பக்கம் தேயும். உங்களுக்குத் தெரியாதா? நேர் பண்ணிட்டு வாங்க, டயர் தர்றதைப் பத்தி யோசிக்கலாம்."

மறுபடி சுற்றினான். பல வாரங்கள் ஆஸ்பத்திரி நாட்களிலெல்லாம் இது நடந்தது. ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி அவனுடைய செருப்பு தேய்ந்தது. இடது செருப்பு, அதிலும் உள்பக்கம். பக்குவ அலுவலர் ஒருநாள் அதைக் கவனித்துவிட்டார். கழற்றச் சொல்லி, திருப்பி, டார்ச் அடித்துப் பார்த்தவர் முகத்தில் அன்றுதான் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தோம்.

"பக்குவமா இருக்கு," என்றார். "உடனே மாத்திடுங்க."

இதற்கிடையில் வேன் வலப்பக்கம் திரும்புவதை ஏறக்குறைய விட்டுவிட்டது. ஆஸ்பத்திரியோ வலப்பக்கம்தான் இருந்தது. கணக்கு டீச்சர் ஜன்னல் கண்ணாடியில் ஊதி, விரலால் படம் போட்டு, "மூணு தடவை இடது பக்கம் திரும்பினா... ஒரு தடவை வலது பக்கம்... திரும்பின மாதிரிப்பா," என்று இழுத்து இழுத்து நிரூபித்தார். அவர் முடிப்பதற்குள் இரண்டு திருப்பங்கள் ஆகிவிட்டன. அன்றிலிருந்து இடது, இடது, இடது என்று ஊரையே சுருட்டிக்கொண்டு போனோம். கடைகளின் முன்பக்கத்தை மட்டுமே பார்த்திருந்த நாங்கள், எல்லாக் கடைகளின் பின்பக்கத்தையும் பார்த்தோம். பேக்கரிக்காரர் எதில் மாவு பிசைகிறார் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்தது ஸ்டெடியின் வலது தோள்தான். நேராகப் போவதற்கே ஸ்டியரிங்கை வலப்பக்கம் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்துப் பிடித்து அந்தப் பிடி இறங்கிய பிறகும் விடவில்லை. தெருவில் நடந்தால் வலப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கிச் சுவரில் உரசுவான். சாப்பிட உட்கார்ந்தால் கை தட்டுக்கு வலப்பக்கம் போய்த் தரையைத் தடவும். அக்கா ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கொஞ்சம் வலப்பக்கமாகத் தள்ளி வைப்பாள். வேனில் எதுவுமே நேராக்கப்படவில்லை, அதை ஓட்டியவன்தான் அதற்குத் தக்கபடி வளைக்கப்பட்டான்.

கடைசியில் அக்காவே இறங்கினாள். "உனக்குப் பேசத் தெரியலடா," என்று அவனை ஒதுக்கிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க வாரியத் தலைவரின் அறைக்கு நடந்தாள்.

தலைவர் சக்கரம் வைத்த நாற்காலியில் இருந்தார். அதிலிருந்து அவர் எழுந்ததை யாரும் பார்த்ததில்லையாம். எங்களை வரவேற்கவும் உருண்டேதான் வந்தார்.

"வேன் கோணலா போகுது சார்," என்றாள் அக்கா. "அதை ஒத்துக்கிட்டு நேராக்கிக் குடுங்க. மழை வரப்போகுது."

தலைவர் ஜன்னல் வரை உருண்டுபோய்த் திரும்பி வந்தார்.

"அம்மா, இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு வண்டியைக்கூட நாங்க கோணல்னு சொன்னதில்ல. ஏன்? சொன்னா சரி பண்ணணும். சரி பண்ணினா, அதுவரைக்கும் நாங்க என்ன பண்ணிட்டிருந்தோம்னு கேப்பாங்க. ஜனங்க எங்க மேல ஒரு நம்பிக்கை வச்சிருக்காங்க. ஒரு சக்கரத்துக்காக அந்த நம்பிக்கையை உடைக்கச் சொல்றீங்களா?"

"அப்ப எதுக்கு சார் சோதனை பண்றீங்க?"

"சோதனை பண்ணாம எப்படிம்மா கோளாறு இல்லன்னு சொல்றது?"

எங்கள் மேல் இரக்கப்பட்டு அன்றே சோதனைக்கு உத்தரவிட்டார். முற்றத்தின் நடுவில் நேராக ஒரு வெள்ளைக்கோடு உண்டு. வண்டி அதன்மேல் மெதுவாகப் போக வேண்டும். ஓட்டுநர் இரண்டு கைகளையும் தூக்கிவிட வேண்டும். கை தூக்கியும் கோட்டைவிட்டு விலகாத வண்டிதான் நேரான வண்டி. நாங்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். ஸ்டெடி கைகளைத் தூக்கினான். வேன் கோட்டுக்கு மரியாதையாக விடைகொடுத்துவிட்டு, இடப்பக்கம் சாவகாசமாக வளைந்துபோய், கேன்டீன் சுவரில் முட்டி நின்றது.

ஸ்டெடியின் முகத்தைப் பார்த்தேன். மாதக்கணக்கில் அவன் சொல்லிவந்தது கண்ணெதிரில் நிரூபணமாகிவிட்டது. பரீட்சையில் தேறிய பையன் மாதிரி நின்றான். பக்குவ அலுவலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் நேர்நிலை அலுவலரைப் பார்த்தார். நேர்நிலை அலுவலர் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சார், கோடு வலப்பக்கம் இழுக்குது."

தலைவர் பெருமூச்சு விட்டார். பெரிய பாரம் இறங்கியவர் மாதிரி இருந்தது. உடனே பெயின்டரைக் கூப்பிட்டார்கள். அவர் பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, வேன் போன தடத்தின் மேலேயே கேன்டீன் வரை புதுக்கோடு போட்டார். பெயின்ட் காய்ந்ததும் மறுபடி சோதனை. வேன் இம்மி பிசகாமல் கோட்டின் மேலேயே போய் அதே சுவரில் முட்டியது. கைதட்டினார்கள்.

"பார்த்தீங்களாம்மா," என்றார் தலைவர். "வீணா பயந்தீங்க."

அக்கா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அவள் திட்டாமல் விட்டு நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

அதோடு விட்டிருந்தால்கூட இடது இடதாகப் போய்ப் பிழைத்திருப்போம். விடவில்லை. மறுநாள் மற்ற வண்டிகளை அந்தக் கோட்டில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் கோட்டை விட்டுவிட்டு நேரே போயிருக்கின்றன. உலகத்திலேயே அந்தக் கோட்டில் ஒழுங்காகப் போகிற வண்டி எங்கள் வேன் ஒன்றுதான் என்று தெரிந்ததும், வாரியம் அதை அளவுகோல் வண்டியாக அறிவித்துவிட்டது. இனி எந்த வண்டி நேரா இல்லையா என்பதை எங்கள் வேனோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்களாம். அளவுகோலைத் தேயவிடலாமா? முற்றத்தில் மேடை கட்டி ஏற்றிவிட்டார்கள். சுற்றிக் கயிறு, பக்கத்தில் காவலாளி, மேலே மின்விசிறி. எங்கள் வார்டில் மின்விசிறி கிடையாது.

வேறு வண்டியில் போகலாமே என்பீர்கள். போகப் பார்த்தோம். ஆட்டோக்காரர் எங்களை ஏற்ற மறுத்துவிட்டார். சோதனை நடந்தபோது நாங்கள் வேனுக்குள் இருந்தோம் அல்லவா? ஆகவே நாங்களும் அந்த அளவில் சேர்த்தியாம். எங்களைத் தனியாக ஏற்றிப்போவது அளவுகோலின் உதிரிபாகத்தைக் கடத்துகிற குற்றமாம். ஊரெல்லாம் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு முறை தவறியது. அக்காவின் கால் வீங்கியது. ஸ்டெடி வாரியத்துக்கு ஓடிப்போய்த் தலைவரின் நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான் என்று காவலாளி சொன்னார். தலைவர் தன் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆறுதலாகப் பேசினாராம்.

"உன் கஷ்டம் எனக்குப் புரியுதுப்பா. எனக்கும் ஒரு அக்கா இருந்தாங்க. ஆனா யோசிச்சுப் பாரு. ஆஸ்பத்திரிக்குப் போனா தண்ணியை எடுத்துடுவாங்க. எடுத்தா உங்க அக்கா எடை குறையும். குறைஞ்சா அளவு மாறும். ஒரு ஆளுக்காக ஊரோட அளவையே மாத்தறதா?"

இரண்டாவது முறையும் தவறியது. அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். என் காலும் அதே கதைதான், ஆனால் என் காலைப் பற்றி யாரும் கேட்காததால் விட்டுவிடுகிறேன். அக்காவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கயிறு கட்டிக் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டெடி தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டான். விரல் வைத்து எடுத்த இடத்தில் பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் அப்படியே நின்றது. அத்தனை நாள் டயரில் தேடிக் கிடைக்காத பள்ளம்.

"எனக்குப் பயமா இருக்குடா," என்றாள் அக்கா.

அவன் அடுத்த பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"உன்னைத் திட்டுறதுக்கு மூச்சு பத்தல. அதான் பயமா இருக்கு."

"நாளைக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்க்கா."

"எதுல? முதுகுலயா?"

"முதுகுலயாவது."

"நீ வலப்பக்கமா நடக்கிறவன்டா. எங்கயாவது சுவத்துல தேச்சிடுவே என்னை."

அப்போதுதான் காவலாளி வந்து கதவைத் தட்டினார். மறுநாள் காலை நேர்நிலை விழா. அளவுகோல் வண்டியை ஊர்வலமாக மைதானத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தலைவர் முதல் எல்லா அலுவலர்களின் கார்களும் இரவோடிரவாக வேனுக்குத் தகுந்தபடி நேராக்கப்படுகின்றன. சிக்கல் என்னவென்றால் அளவுகோலை ஓட்ட ஆளில்லை. காவலாளியே ஓட்டிப் பார்த்து, கேன்டீனுக்குள் போய்விட்டாராம்.

"உங்களால மட்டும்தான் முடியுமாம்," என்றார் காவலாளி. "உதிரிபாகம் எல்லாரும் உள்ள இருக்கணுமாம். அளவு குறையக் கூடாதாம்."

ஸ்டெடி அக்காவைப் பார்த்தான். அக்கா என்னைப் பார்த்தாள். "பெருசு," என்றாள், "காலையில நல்ல சட்டையா போட்டுக்க."

காலையில் மழை கொட்டியது. எங்களைத் தூக்கித்தான் வேனில் வைத்தார்கள். அக்காவின் உதடு நிறம் மாறியிருந்தது. தலைவர் குடைக்கடியில் உருண்டு வந்து, அலுவலர்களைப் பார்த்துப் பேசினார்.

"இன்னைக்கு நம்ம கார் எல்லாம் அளவுகோலோட ஒத்துப்போகுது. நேரான வண்டிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கணும்னு அவசியமே இல்ல. ரெண்டு கையையும் தூக்கி ஜனங்களுக்குக் காட்டுங்க. நீங்க யோசிக்க வேண்டியது ஒண்ணுமில்ல. அளவுகோல் எங்க போகுதோ, அங்க போங்க."

ஊர்வலம் கிளம்பியது. நாங்கள் முன்னால். பின்னால் பக்குவ அலுவலர், அவருக்குப் பின்னால் நேர்நிலை அலுவலர், காருக்குள் நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டுத் தலைவர், அப்புறம் மற்றவர்கள். நாற்சந்தியில் மைதானம் இடப்பக்கம். ஆஸ்பத்திரி வலப்பக்கம். வேன் தானாகவே மைதானத்தை நோக்கித் தலையைத் திருப்பியது.

ஸ்டெடி சீட்டைவிட்டு எழுந்தான். ஸ்டியரிங்கின்மேல் முழு உடம்பையும் போட்டு வலப்பக்கம் தொங்கினான். "எல்லாரும் வலது பக்கம் சாயுங்க," என்று கத்தினான். அளவுகோலின் உதிரிபாகங்கள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்தன. கணக்கு டீச்சர் என் மடியில் வந்து விழுந்தார். வேன் முனகியது, வழுக்கியது, மாதக்கணக்கில் செய்யாத ஒன்றைச் செய்தது. வலப்பக்கம் திரும்பியது.

வாய்க்கால் ஓரத்துச் சாலையில் டயர்கள் தரையைத் தொடவேயில்லை, தண்ணீரின் மேல் நீந்தின. பின்பக்கம் ஒருமுறை முன்பக்கத்தைத் தாண்டப் பார்த்தது. "ஸ்டெடி, ஸ்டெடி," என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவன் வலது தோள் வெடவெடவென்று நடுங்கியது எனக்குப் பின் சீட்டிலிருந்தே தெரிந்தது. அக்கா ஒரு கையால் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். உத்தரவுப்படி எல்லோரும் நாற்சந்தியில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பி எங்களைப் பின்தொடர்ந்து வந்திருந்தார்கள். திருப்பம் முடிந்ததும் உத்தரவுப்படி எல்லோரும் மறுபடி கைகளைத் தூக்கியிருந்தார்கள். இடப்பக்கம் வாய்க்கால். பக்குவ அலுவலர் மழைக்கு ஒதுங்கி நின்ற இருவருக்குக் கையசைத்தபடியே இறங்கினார். நேர்நிலை அலுவலர் அவர் போன தடத்திலேயே, இம்மி பிசகாமல். அடுத்து தலைவர். வரிசை குலையாமல், ஒருவரும் ஹாரன்கூட அடிக்காமல், அத்தனை காரும் வாய்க்காலுக்குள் போயின. அவ்வளவு ஒழுங்கை அந்த வாரியத்தில் நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஸ்டெடி கண்ணாடியில் பார்த்துவிட்டான். கால் பிரேக்குக்குப் போனது.

"நிக்காதடா," என்றாள் அக்கா.

"முங்கிடுவாங்கக்கா."

"அவங்களுக்கு இடுப்பளவு. எனக்கு நெஞ்சளவு."

அவன் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவை மெஷினில் மாட்டி, வெகுநேரம் கழித்து அவள் கண் திறந்ததும் முதலில் சொன்னது, "பாலத்துக்கிட்ட ஏன்டா அவ்வளவு வேகம்?" என்பதுதான். ஸ்டெடி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதான். திட்டு கேட்டு அழுத ஆளை அன்றுதான் பார்த்தேன்.

வாய்க்காலில் நடந்ததைப் பிறகு காவலாளி சொன்னார். கயிறு போட்டு இழுக்க வந்தவர்களைத் தலைவர் தடுத்துவிட்டாராம். இடுப்பளவு தண்ணீரில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினாராம்.

"யாரும் பதற வேண்டாம். நாம நேராத்தான் வந்திருக்கோம். இத்தனை படிச்சவங்க ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கோம்னா தப்பு நம்ம கிட்ட இருக்க முடியாது. ரோடுதான் விலகிப் போயிருக்கு."

எங்கள் வேன், பின்னால் வந்தவர்களைக் கைவிட்ட காரணத்தால், அளவுகோல் பதவியிலிருந்து நீக்கப்பட்டது. இனி வாய்க்கால்தான் அளவாம். எங்களுக்கு அது நல்ல சேதிதான், வேன் திரும்பக் கிடைத்ததே. புது டயர் கேட்டதற்குப் பக்குவ அலுவலர், இன்னும் ஈரம் காயாத பாயில் படுத்துப் பார்த்துவிட்டு, உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிவதாகவும், பக்குவ நொடி எப்போதோ கடந்துபோய்விட்டதாகவும், போன நொடிக்கு டயர் கொடுக்க விதியில் இடமில்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஆஸ்பத்திரி நாள் வந்தது. மழை விடவில்லை. முத்திரை ஆடும் அதே சக்கரங்களில் கிளம்பினோம். வாய்க்கால் ஓரத்தில் கொடி பிடித்த ஒரு ஆள் மழைக்கோட்டோடு நின்றிருந்தார். சாலை நடுவே புதிதாகப் போட்ட வெள்ளைக்கோடு கொஞ்ச தூரம் நேரே வந்து, அப்புறம் அழகாக வளைந்து, கரையில் இறங்கி, தண்ணீருக்குள் போய் மறைந்தது.

"கோட்டு மேல போங்க," என்றார் கொடிக்காரர்.

"அது வாய்க்கால்ங்க," என்றான் ஸ்டெடி.

"தெரியும். நானும் கேட்டுட்டேன். கோட்டு மேல போகச் சொல்றாங்க." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் போறாங்க."

உண்மைதான். எங்களுக்கு முன்னால் நின்ற பஸ் ஒன்று யோசித்து யோசித்து இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டிருந்தது. வேனும் புதுக்கோட்டைப் பார்த்ததும், வீட்டைக் கண்ட மாடு மாதிரி, இடப்பக்கம் தலையைத் திருப்பியது. கீழே டயரிலிருந்து கம்பி தரையில் உரசுகிற சத்தம் கிறீச்சென்று கேட்டது.

ஸ்டெடி சீட்டிலிருந்து எழுந்தான். யாரும் சொல்லாமலே நாங்கள் எல்லோரும் வலப்பக்கம் சாய்ந்தோம்.

"நாளன்னைக்கும் வரணுமேக்கா," என்றான்.

"முதல்ல இன்னைக்குப் போடா," என்றாள் அக்கா.